போர் போட்ட அன்று நான் ஏற்றிய விளக்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பேசக் கூசும், அதனால்தான் எழுதுகிறேன்.

கீரனூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நானும் என் தங்கையும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒரு நாள் எங்கள் மோட்டார் ஓடும், மறுநாள் அவர்கள் மோட்டார். அதில் சண்டையே வந்ததில்லை.

போன பங்குனியில் இரண்டு வீட்டிலும் கடலை நின்றது. காய் பிடிக்கிற நேரம். அப்போது தண்ணீர் தவறினால் செடி பச்சையாகத்தான் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. கிணறோ, மோட்டார் கொஞ்சம் ஓடினாலே சேறாகக் கலங்கியது.

களத்தில் பழைய சேலையை விரித்து நானும் தங்கையும் வடகம் பிழிந்துகொண்டிருந்தோம். அப்போது சொன்னாள்.

"அக்கா, போர் போடப் போறோம்க்கா. தேங்கா வச்சு நீரோட்டம் பாக்குறவரு வந்தாரு. கெணத்துக்கு மேக்க, எங்க வரப்போரமா ஓட்டம் இருக்காம்."

"கெணத்துக்கு அம்புட்டுக் கிட்டக்கயா?"

"தண்ணி வந்தா ஒனக்கு விடாமயா நான் பாய்ச்சப் போறேன்?"

கூடப் பிறந்தவளிடம் அதற்கு மேல் என்ன கேட்பது.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பொதுக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பங்காளி புதிதாகத் தோண்டினால், இன்னொரு பங்காளி வீட்டுப் பெண் வந்து விளக்கேற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் சம்மதம். பிறகு யாரும் பேச முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன், தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் என்று நினைத்து.

போர் வண்டி வந்த அன்று தங்கை தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள். "மூத்தவ, நீ ஏத்துக்கா." அத்தனை ஆம்பிளைகள் நடுவில் உரசியதில் இரண்டு குச்சி அணைந்துபோனது. கொழுந்தனார் சிரித்தார். "அண்ணி வந்து நின்னாப் போதும், அவங்க கண்ணுல இல்லாத தண்ணியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டிக்காரர்களுக்கு வடித்துக் கொட்டியதும் நான்தான், மீமிசல் கருவாட்டைப் போட்டுக் குழம்பு வைத்து. சாயங்காலம் புழுதி நின்று தண்ணீர் பீச்சியடித்தபோது தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குழாய் பதித்தார்கள். எல்லாம் அவர்கள் பக்கம். எங்களுக்கு நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தேன். அதற்குள் போர் இழுத்து இழுத்துக் கிணற்றில் தரை தெரிந்துவிட்டது.

பலாப்பழம் அரிந்துகொண்டிருந்த தங்கையிடம் போய்க் கேட்டேன். "எங்க பக்கம் எப்பத்தா விடுவீங்க?"

நிமிராமல் சொன்னாள். "அவுகளைக் கேளுக்கா."

என் வீட்டுக்காரர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். ஒருவர் கேட்டார், "வெளக்கு யாரு ஏத்துனது?"

"அண்ணிதான்" என்றார் கொழுந்தனார்.

"ஏத்துனியாத்தா?"

தலையை ஆட்டினேன். இரண்டு வீட்டுக்கும் என்று சொன்னாளே என்று சொல்ல நினைத்தேன். தங்கையைப் பார்த்தேன்.

"அக்காதான் ஆசப்பட்டு ஏத்துச்சு" என்றாள். "நான் ஒண்ணும் சொல்லலயே."

பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், "வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"அவ சொல்லுவான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

சித்திரை பிறந்ததும் கடலையைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டோம். உடைத்துப் பார்த்தால் எல்லாம் பொக்கு. வரப்புக்கு அங்கிட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "குடிக்கிறதுக்கு ஒரு கொடம் எடுத்துக்கக்கா" என்றாள். நான் ரோட்டுக் குழாய்க்குப் போனேன். இப்போதும் அங்கேதான் போகிறேன்.

வடகம் பிழிந்தபோது அவள் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. அதற்குச் சாட்சி கிடையாது. ஆனால் தீப்பெட்டி விஷயம் அப்படி இல்லை, ஊரே நின்றது. பெரியவர்கள் கேட்டதிலிருந்து, நானாகத்தான் ஆசைப்பட்டு வாங்கினேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அன்று அங்கே நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் கொடுத்தாளா, நான் கேட்டு வாங்கினேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறேன்.