பபூன் மாதய்யன் கேட்ட கேள்வி

நாடகக்காரர்கள் முகத்தில் பூசும் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்த வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு முந்திக்கொண்டு வரும், பின்னாலேயே அழுகையும் வரும். மூன்றாம் வகுப்பை மூன்று தடவை படித்தும் ஒரு பாட்டுக்கூட ஏறாத என் மண்டைக்குள், ஜலகண்டாபுரத்து மாரியம்மன் 'நோம்பி'க்கு வருடாவருடம் நாடகம் போட வந்த பபூன் மாதய்யன் பேசியது மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அறுபதைத் தாண்டிய ஆள், குச்சி உடம்பு. திரைக்கு வெளியே ஒரு காலை நீட்டினாலே கூட்டம் சிரிக்கும். வந்ததும் நெற்றியில் கை வைத்து எங்கள் தெரு ஆட்களைத் தேடிப் பிடித்து 'நக்கல்' அடிப்பார்; அவர் வாயில் விழுவது எங்களுக்கு மாலை மரியாதை மாதிரி. முதல் பெயர் எப்போதும் தறி ஓட்டும் என் அப்பாவுடையது.

"ஏனுங்க, நம்ம சோமு வந்துட்டானா? இல்ல, இன்னும் ஊட்டுல பாத்திரம் தேச்சுட்டு இருக்கறானா?"

அப்பா எழுந்து பெரிய கும்பிடாகப் போடுவார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

ஒரு வருடம், நோம்பிக்கு முன்பே அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா தறி ஓட்டினாள், சோறு போட்டாள், யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை. நாடகத்துக்கு அவளை நான்தான் இழுத்துப் போனேன். மாதய்யன் அப்பா பெயரைச் சொல்வார், அம்மா சிரிப்பாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது என் கணக்கு. கணக்கில் நான் எப்போதும் முட்டைதான்.

வெளியூர்க்காரரான மாதய்யனிடம் சேதியைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. வழக்கம்போலவே கேட்டார். ஆர்மோனியம் நின்றது. முன்வரிசையில் ஒருவர், "அவன் போய்ச் சேந்துட்டானுங்க" என்றார்.

வெள்ளை பூசிய முகம் அப்படியே நின்றது. என் பக்கத்தில் அம்மா எழுந்தாள்.

"இல்லீங்ண்ணா. ஊட்டுலதான் பாத்திரம் தேச்சுட்டு இருக்கறாரு."

மாதய்யன் மெல்ல மேடை விளிம்பில் வந்து குந்தினார்.

"செரி அம்மிணி. பாத்துத் தேய்க்கச் சொல்லு. மூஞ்சியெல்லாம் கரிய அப்பிட்டு இங்க வந்துட்டான்னா, எம் பொழப்புப் போயிரும் சாமி."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே ஓலமாக மாறியது. பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழுது முடிக்கும்வரை மாதய்யன் அங்கேயே குந்தியிருந்தார். மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகவில்லை என்று அம்மா என்னை வாய் ஓயாமல் திட்டினாள். திட்டு அப்படி இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாதய்யன் போய் வெகு காலமாகிறது. நோம்பிக்கு இப்போது 'ஆடல் பாடல்'தான், ஆள் உயர ஸ்பீக்கர்களோடு. அம்மாவும் போன தையில் போய்விட்டாள். இந்த வருடமும் போய் முன்னால் உட்கார்ந்தேன். மேடையில் ஒரு பையன் எல்லோரையும் கை தட்டச் சொன்னான், தட்டினேன். உன் அம்மா ஏன் வரவில்லை என்று மட்டும் அங்கிருந்து யாரும் கேட்கவில்லை.