அறைக்குள் வராத அரசு

அபுதாபியின் முசஃபாவில் ஒரு விடுமுறை நண்பகல். அமெரிக்க அரசு குடும்பத்துள் தலையிடலாகாது என்று எங்கள் தொழிலாளர் முகாம் அறைத் தொலைக்காட்சியில் அந்நாட்டுப் பழமைவாதி ஒருவர் முழங்கினார். மனை அறத்தால் நிற்பது, ஆணையால் அன்று என்பது என் கொள்கையும்கூட.

“சரியாத்தாம்ல சொல்லுகாரு,” என்றார் அறைத்தோழரான குமரிக் கடற்கரை வெல்டர்.

“அப்ப லீவுல போயி அண்ணிய அடிச்சீங்களே, அதையும் யாரும் கேக்கக் கூடாதாண்ணே?” என்று சிரித்தார் அரியலூர் ஓட்டுநர்.

மறுகணமே வெல்டர் வீசிய இரும்புக் கரண்டி ஓட்டுநரின் நெற்றியைப் பிளந்தது. சோற்றுத் தட்டில் குருதி கொட்டியது.

முகாம் காவலாளி அழைத்துக் காவல்துறையினர் வந்தனர். உண்மை தெரிந்தால் அடித்தவரை நாடு கடத்திவிடுவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஓட்டுநர் இந்தியில் சாதித்தார். காவல்துறையினர் அகன்றனர்.

“இப்ப திருப்தியாண்ணே? கவர்மெண்டு உள்ள வரல.”

அடித்தவர் கட்டுத்துணி தேடினார்.