மாமாவின் மூளைச் சோதனை

எங்கள் வீட்டில் சோதனை என்றால் அது பாஸ் பண்ண வேண்டிய ஒன்று. வேறு அர்த்தமே கிடையாது. இரத்தச் சோதனைக்குப் போகிறவருக்குக்கூட அம்மா திருநீறு பூசித்தான் அனுப்புவார். ஆகவே மாமாவுக்கு மூளைச் சோதனை என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்ததும் லண்டன் நோர்பரியில் இருந்த எங்கள் வீட்டுக்கே பரீட்சைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

அந்தக் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் முதலாம் ஆள். வீட்டுக்கு வரும் கவுன்சில் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாவற்றுக்கும் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளர். எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

மாமா அம்மாவின் தம்பி. ஜெர்மனியில் பல வருடங்கள் இருந்துவிட்டு, இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு லண்டனுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஸ்ட்ரெதத்தில் ஒரு கடையில் வேலை. மேல் தட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏணி சரிந்து, விழுந்து, தலையில் பலத்த அடி. காயம் ஆறிவிட்டது, மனிதர்தான் பழையபடி ஆகவில்லை. தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உடனே அடுத்த தேத்தண்ணிக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைப்பார். பால் வாங்கப் போனவரை மூன்று பஸ் தரிப்புகள் தள்ளிப் போய்க் கூட்டிவர வேண்டியிருக்கும். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவார். அதற்கு முன் அவர் வாயிலிருந்து பகிடியையும் சிரிப்பையும் தவிர வேறொன்றும் வந்து நான் கேட்டதில்லை.

தலையில் அடிபட்டவர்களுக்குத் திரும்பவும் வாழப் பழக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே மாமாவுக்கு ஓர் இடம் கொடுப்பதா என்பதை இந்தச் சோதனையை வைத்துத் தீர்மானிப்போம் என்று கடிதம் சொன்னது. இடம்! அந்த வருடம்தான் நான் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கும் கிராமர் ஸ்கூலுக்குச் சோதனை எழுதி இடம் எடுத்திருந்தேன். இடம் என்பது யாருக்குக் கிடைக்கும் என்று எனக்கா தெரியாது? நல்ல மார்க்ஸ் எடுத்தால் மாமாவுக்கு இடம் கிடைக்கும் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். குறைந்த மார்க்ஸ் எடுப்பவருக்குத்தான் அந்த இடம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சோதனை என்றால் ரியூசன் வேண்டாமா? மாமா வார்டில் இருந்தபோது நேர்ஸ் கேட்ட கேள்விகள் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தன. பள்ளி விட்டு வந்ததும் குசினி மேசையில் மாமாவை இருத்தி நானே படிப்பித்தேன். இன்று என்ன கிழமை, இது என்ன மாதம், மணிக்கூட்டின் படம் ஒன்று கீறுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதுதான் அவருக்குப் பிடிபடவேயில்லை. நான் விடுவேனா? வாய்ப்பாட்டு ராகத்தில் பாடமாக்கிக் கொடுத்தேன். தொண்ணூற்றிமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைஞ்சு. இரண்டு வாரத்தில் மாமா அதைக் குளிக்கும்போதும் பாடத் தொடங்கினார்.

சோதனை நாளில் அம்மா, மாமா, நான் மூவரும் போனோம். எங்களுக்கு முன் ஒரு சீனத் தம்பதி உள்ளே இருந்தார்கள். கணவரின் தலையில் நீளமான தையல் தழும்பு. டொக்டரும் சீனப் பெண்தான். அவர்களோடு தங்கள் பாஷையிலேயே பேசிச் சிரித்து வழியனுப்பிவிட்டு எங்களை அழைத்தார். ஒழுங்கு செய்திருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. சிறுபிள்ளையை வைத்துச் செய்யக்கூடாது, வேறு நாள் தருகிறேன் என்றார் டொக்டர். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஆறு மாசமாக் காத்திருந்து வந்திருக்கிறம். இவள் ரெண்டு பாஷையும் தண்ணி மாதிரிக் கதைப்பாள் எண்டு சொல்லு பிள்ளை."

நான் அதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். டொக்டர் யோசித்தார். சரி, இன்றைக்குச் சும்மா பேசிப் பார்ப்போம், இதை முடிவாக எடுக்கமாட்டேன் என்றார். அந்தக் கடைசிப் பகுதியை நான் மொழிபெயர்க்கவில்லை. எதற்கு வீணாக அவர்களைக் கலங்கடிப்பது?

ஒரேஞ்சுக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன ஒற்றுமை என்பது முதல் கேள்வி; தோடம்பழம், வாழைப்பழம் என்று கேட்டேன். மாமா பட்டென்று, "பழம்." அடுத்தது ரயிலும் சைக்கிளும். தமிழ்ப் பள்ளி முதல் மாணவி ரயில், சைக்கிள் என்று கலப்படம் செய்வாளா? "புகைவண்டி, மிதிவண்டி" என்று தூய தமிழில் கேட்டேன். "வண்டி," என்றார் மாமா. ரோசாப்பூ, தாமரைப்பூ. "பூ." நூற்றுக்கு நூறு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, அந்தச் சொற்களைத் தமிழில் இன்னொரு தடவை சொல் பார்ப்போம் என்றார். சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் பாஷையிலும் ரயிலுக்கும் சைக்கிளுக்கும் சொல்லின் வால் ஒன்றுதான், அதனால் சீன நோயாளிகளிடம் இந்தக் கேள்வியை நான் கேட்பதேயில்லை, விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்றார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. கேள்வி அவருடையது, அதற்கு மாமா என்ன செய்வார்?

பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாக. மாமா ராகத்தோடு பாடி முடித்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நல்லது, இனித் தொண்ணூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கட்டும் என்றார் டொக்டர். அட கடவுளே, அதை நான் படிப்பிக்கவில்லையே! மாமா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதே ராகத்தில் தொண்ணூற்றிமூண்டு, எண்பத்தாறு என்று தொடங்கினார். நான் கண் வெட்டாமல் ஆங்கிலத்தில் எண்பத்துமூன்று, எழுபத்தாறு, அறுபத்தொன்பது என்று சரியான விடைகளைச் சொல்லிக்கொண்டு போனேன்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. காது இருந்தது. இரண்டு தரமும் ஒரே பாட்டைத்தானே பாடினார் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். திட்டவில்லை. தானும் சின்ன வயதில் தன் அப்பாவுக்காக இப்படித்தான் மொழிபெயர்த்ததாகவும் கெட்டிக்காரியாக இருப்பது பெரிய வேலை என்றும் சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று.

அப்போதுதான் மாமா என் கையைப் பிடித்தார். யாரும் கேள்வி கேட்காமல் அவராகப் பேசியது அன்றைக்கு அது ஒன்றுதான்.

"அவவுக்குச் சொல்லு பிள்ளை, எனக்குத் தலைக்குள்ளை ஒண்டும் நிக்குதில்லை. பயமாக் கிடக்கு எண்டு சொல்லு."

என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். இதைச் சொன்னால் இடம் போய்விடும், அவ்வளவுதான். வந்து போனதற்கு நன்றி சொல்கிறார் என்றேன். அம்மாவுக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கும். அம்மாவும் தலையாட்டி, "தாங்க்யூ, தாங்க்யூ," என்றார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை வயதான ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். அம்மாவையும் என்னையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரும் மாமாவும் உள்ளே போனார்கள். நான் கதவடியிலேயே நின்றேன். ராகம் கேட்கவில்லை. நெடுநேரம் மாமாவின் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. வெளியே வந்தபோது மாமாவின் முகமெல்லாம் கண்ணீர். டொக்டர் அவர் முதுகில் கை வைத்திருந்தார். அந்த மாதமே நிலையத்தில் இடம் கிடைத்தது. போகப் போகக் கேத்தில் ஒரு தரம்தான் கொதித்தது.

ஆனால் அன்றைக்கு, அந்த வாசலில், மாமா பெயில் ஆகிவிட்டார், அதனால்தான் அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய், பயப்பிடாதேங்கோ மாமா, அடுத்த முறை நான் இன்னும் வடிவாச் சொல்லித் தாறன் என்று தேற்றினேன். விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.