சீனி வருத்தத்துக்குப் பிணை

லோயர் கந்தோரில், அதுதான் வக்கீல் அலுவலகத்தில், வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: கட்சிக்காரர் நல்ல சுகம் என்று காதில் விழுந்தால் நெஞ்சு பகீர் என்பது எங்கள் தொழிலில் மட்டும்தான். ஓ.எல். சோதனையில் கணிதம் பெயிலாகி, சுனாமி வந்த கையோடு மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். முதல் வழக்கே என்னைச் சாப்பிட்டுவிட்டது.

கொப்பி

களுதாவளைப் பக்கமிருந்து பூமணி அக்கா வந்தா. நிவாரணமாகக் கொடுத்த தோணிக்காக நடந்த அடிபிடியில் ஒருவர் செத்துப்போனார். அவவின் புருஷன் கந்தப்போடி அதற்காகச் சிறையில், மறியலில். கொலை வழக்கு என்றால் மேல் நீதிமன்றம்தான் பிணை தரலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால். காரணம் இருந்தது: சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், காலில் ஆறாத புண். எங்கள் லோயர் சேர், மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியைக் கேட்டார். கொப்பி வீட்டோடு போய்விட்டதாம்.

"கடல் எல்லாத்தையும் கொண்டு போயிற்று ஐயா. வருத்தத்த மட்டும் விட்டுட்டுப் போயிற்று."

வெள்ளைச் சட்டை

கொப்பி இல்லாவிட்டால் என்ன, நீதிபதி ஆளைப் பார்த்தாலே போதும் என்று சேர் நம்பினார். வழக்கன்று கந்தப்போடி அண்ணன் வந்த கோலத்தைப் பார்க்க வேணுமே. முகம் வழித்து, திருநீறு பூசி, மனிசி கொடுத்துவிட்ட வெள்ளைச் சட்டையோடு கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். புண்ணைச் சுற்றிப் புதுத் துணி. சேர் எழும்பி, கால் அழுகுகிறது, நிற்கவே ஏலாது என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி கூண்டைப் பார்த்து, எப்படி இருக்கிறீர் என்று கேட்டார். நல்ல மனுசன், அன்பாகத்தான் கேட்டார். அண்ணன் இன்னும் நிமிர்ந்து கைகூப்பினார்.

"உங்கட புண்ணியத்தில நல்ல சுகமா இரிக்கன் ஐயா."

நாற்றம்

டொக்டரின் அறிக்கை வரட்டும் என்று வழக்கைத் தள்ளிவைத்துத் தவணை போட்டார்கள். சிறைச்சாலை வண்டியில் ஏறமுதல் பிடித்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"அவ்வளவு பெரிய ஆள் சுகம் கேக்காரு. என்ட கால் நாறுது எண்டா சொல்லுற, புள்ள?"

தவணை

அதற்குப் பிறகு டொக்டர் இருந்தால் வண்டி இல்லை, வண்டி கிடைத்தால் டொக்டர் லீவு. டொக்டரும் வண்டியும் ஒன்றாய் வந்த நாளில் காவலுக்கு ஆள் இல்லை. நான் ஒவ்வொரு தவணைக்கும் அதே விண்ணப்பத்தைத் திகதி மாற்றி அடித்தேன். எங்கள் கிளாக்கர் ஹனீபா நானா, காத்தான்குடிக்காரர், எதற்கும் பகிடி விட்டுச் சிரிக்கிறவர். காவலுக்கு ஆள் வராத அன்றைக்குப் பகிடி விடவில்லை.

"வழக்குக்குத் தவணை இரிக்கி புள்ள, புண்ணுக்கு இல்ல."

பிணை

புண் காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டிய பிறகு அறிக்கை உடனே வந்தது. பிணையும் உடனே கிடைத்தது. சில்லு நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நீதிபதி உள்ளே வந்ததும் அண்ணன் எழும்பப் பார்த்தார், ஜெயில் கார்ட் தோளைப் பிடித்து இருத்தினார். இந்தமுறை நீதிபதி சுகம் கேட்கவில்லை. வெளியில் பூமணி அக்கா, வெட்டிய காலின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டா.

"ஒரு கால் குடுத்தது காணுமா புள்ள, வழக்கு முடியிறதுக்கு மற்றதையும் கேப்பாங்களா?"

எங்கள் தொழிலில் வருத்தம் இருந்தால் மட்டும் போதாது, மரியாதை கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டும்.