கம்ப்யூட்டரில் வந்த அண்ணனை அம்மா நம்பவில்லை

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள், ஏற்காடு பஜாரில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் நடந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். அந்த லைனும் நல்ல மழை பெய்தால் படுத்துவிடும். டைப்ரைட்டிங் பாஸ் செய்த பெண் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அப்பா கணக்கு எழுதும் ரைட்டர். அங்கே குவார்ட்டர்ஸில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அப்போது ஒரு திமிர் வேறு இருந்தது.

என் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை, அதனால் கடிதம் போட்டாலும் படிக்கத் தெரியாது. ஆனால் சரியான வாயாடி. எங்கள் வீட்டுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு, அதிலேயே ஊர் வம்பு முழுக்க அளப்பார். அந்தக் கைப்பேச்சில் கில்லாடி என் அண்ணன். நானும் அப்பாவும் நாலு வார்த்தையில் முடித்துக்கொள்வோம். அவன் மணிக்கணக்கில் அம்மாவோடு பேசிச் சிரிப்பான். அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மாதம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் வரும். நானும் அப்பாவும் பேசுவோம், அம்மா பக்கத்தில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வருடம் ஆவணியில் பேசும்போது அண்ணன் குரலைக் கேட்டதும் எனக்கு என்னவோ அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வேறு காரணமே இல்லை, பாசம்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் எஸ்டேட்டில் ஒரு அம்மாவிடம், லாரி விபத்தில் மகன் போன செய்தியைப் பத்து நாள் மறைத்து வைத்திருந்தார்கள். அம்மா இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டார். அண்ணன் உயிரோடு இல்லை, நாங்கள் மறைக்கிறோம்!

எவ்வளவோ சொன்னோம். போட்டோ வரவழைத்துக் காட்டினோம். பழைய போட்டோ என்று கையைத் தட்டிவிட்டார். நாளுக்கு நாள் சாப்பாடு குறைந்தது. ஒரு வேளை கஞ்சி, அதுவும் பாதி. ஆள் பாதியாகிப் போனார். டாக்டர் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்பா என்னிடம், "ஏங்கண்ணு, இப்படியே உட்டா உங்கம்மா நமக்கு இல்லேங்கறது உறுதி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுத அழுகைதான் இதற்கெல்லாம் காரணம் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் முதலாளி சேலத்துக்காரர். மலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆகும் என்று ஒரு வெப் கேமரா வாங்கி வைத்திருந்தார். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு உருண்டை, முன்னால் சின்னக் கண்ணாடி. எனக்கு அதைப் பார்த்ததும் பொறி தட்டியது. அண்ணனுக்குச் சொன்னேன். அவனுடைய நண்பன் ஒருவனின் அறையில் கம்ப்யூட்டரும் கேமராவும் இருந்தன. அந்த நண்பன் அங்கத்திய நேரம் ஆறு மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பி அறையைப் பூட்டிவிடுவான், அதற்குள் முடிக்க வேண்டும். நமக்கு அது மதியம் மூன்றரை மணி.

அன்று இரண்டு மணிக்கெல்லாம் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். லைன் போட்டேன், ஒரே தடவையில் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு சின்னக் கட்டத்தில் அண்ணன்! படம் நாலு விநாடிக்கு ஒருமுறைதான் அசையும், குரல் கிடையாது, பேச வேண்டியதை டைப் அடிக்க வேண்டும். இருந்தால் என்ன, அவன்தான். அப்பா, "சாமி! சாமி!" என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

அம்மா அசையவில்லை. முன்னால் குனிந்து திரையையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்து ஏதோ கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அவன் பாட்டுக்குச் சிரித்தபடி கையசைத்துக்கொண்டிருந்தான். அம்மா என் பக்கம் திரும்பி, 'கேசட்' என்று கையால் சுழற்றிக் காட்டினார். எங்கள் சித்தி கல்யாண வீடியோ கேசட்டில், செத்துப்போன மாமா பந்தியில் நடந்து வருவார், சிரிப்பார். அதுபோல இதுவும் கேசட்! கேட்டால் பதில் சொல்லாதவன் உயிரோடு இருப்பவனா?

அதே நேரம் அண்ணன் டைப் அடித்தது திரையில் வந்தது. அம்மா எங்கே, எனக்கு ஒரே மஞ்சள் மூட்டமாகத் தெரிகிறது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று அடித்திருந்தான். எங்கள் பக்கத்துப் படம் தெரியும் குட்டிக் கட்டத்தைப் பார்த்தேன். நிஜமாகவே மஞ்சளாக ஏதோ கலங்கலாக இருந்தது. அம்மாவின் கை அவனுக்குத் தெரிந்தால்தானே பதில் சொல்வான்?

அவ்வளவுதான், நானும் முதலாளியும் களத்தில் இறங்கினோம். மூட்டம் உள்ளே வருகிறது என்று கதவு ஜன்னலைச் சாத்தினோம். வெளிச்சம் போதவில்லை என்று மேஜை விளக்கைக் கொண்டுவந்து அம்மா முகத்துக்கு நேரே வைத்தோம், பாவம், அவருக்குக் கண் கூசியது. வயரைப் பிடுங்கிச் செருகினோம். கேமராவுக்கான சாப்ட்வேரை சி.டி.யில் இருந்து மறுபடி ஏற்றினேன். அதற்கு கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டியிருந்தது, லைன் போய்விட்டது. திரும்ப லைன் கிடைக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. நான் டயல் போடுவதும், மோடம் கீச்கீச்சென்று கத்துவதும், லைன் அறுந்து போவதுமாக இருந்தது. முதலாளி, "ஏனுங்க ரைட்டரய்யா, லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. கேமராவே நொம்ப மட்டமான மாலுங்க. வித்தவனைச் சும்மா உடப்போறதில்லைங்க" என்று சேலத்துக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். நானும் சேர்ந்து திட்டினேன். கடைசியில் அண்ணன் மறுபடி வந்தபோது மணி மூன்று பத்து. எங்கள் பக்கம் அதே மஞ்சள் கலங்கல்.

அம்மா எழுந்துவிட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வா போகலாம் என்று அப்பாவைக் கூப்பிட்டார். எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு பாடுபடுகிறேன், உட்காரக் கூடாதா என்று கேமராவைக் கையில் பிடுங்கி அம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன். இதுதான் கண், இது வழியாகத்தான் அவன் உன்னைப் பார்க்கிறான், இந்தக் கண் கெட்டுப்போச்சு, அதனால்தான் நீ கேட்டது அவனுக்குத் தெரியவில்லை என்று கையாலேயே கத்தினேன்.

அப்போதுதான் அம்மாவுக்கே அது என்னவென்று தெரியும். ஒரு மணி நேரமாக நானும் முதலாளியும் அதைப் போட்டுப் பாடாய்ப் படுத்துகிறோம், அது எதற்கு என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை!

அம்மா அதை வாங்கி, குழந்தை கண்ணில் தூசி விழுந்தால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டார். கேமராவைக் காட்டினார். தன் கண்ணைக் கையால் பொத்தி, தலையில் அடித்துக்கொண்டார். பொட்டு நெற்றியில் வைப்பார்கள், எந்தக் கிறுக்கு கண்ணுக்குள் வைத்தது?

வைத்த கிறுக்கு நான்தான். ஆயுத பூஜையன்று மானிட்டர், கீபோர்டு, மவுஸ், டெலிபோன் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். கேமராவில் வேறு இடமே இல்லையே என்று நடுவில் வட்டமாக இருந்த கண்ணாடியிலேயே தாராளமாக ஒரு பொட்டு. மறுநாள் ஈரவிரலால் துடைத்தும் விட்டேன், சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடி முழுக்க சந்தனம் மெழுகியது போல் காய்ந்திருந்தது. கண்ணாடியைச் சுற்றி, படத்தைத் தெளிவாக்கத் திருப்பும் வளையம் ஒன்று இருக்கும். அந்த இடுக்கிலும் சந்தனம் இறங்கி இறுகிப்போயிருந்தது.

முதலாளி முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மணி மூன்று இருபது. அம்மா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். இடுக்கில் விட்டுச் சுரண்டினேன், மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்தது. கண்ணாடியில் வாயால் ஊதி ஊதித் தாவணி நுனியால் துடைத்தேன். வளையத்தைத் திருப்பினேன், நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருப்பு. கடக்கென்று நகர்ந்தது. குட்டிக் கட்டத்தில் அம்மாவின் மூக்குத்தி வரை பளிச்சென்று தெரிந்தது. ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது!

சிங்கப்பூரில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். அம்மா விடவில்லை. முதலில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். உள்ளங்கையை மீன் நீந்துவது போல் நெளித்தார், உதட்டில் விரல் வைத்தார், பிறகு என்ன என்று கையை விரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு விநாடி. படம் அசைந்தது. அண்ணனும் கையை மீனாக நெளித்திருந்தான். அடுத்த படத்தில் ஐந்து விரலையும் நக்கிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த படத்தில் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான்.

பிறகு அவன் டைப் அடித்ததும்தான் விஷயம் புரிந்தது. அவன் கிளம்பியது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சைவம், சனிக்கிழமையென்றால் அப்பா பச்சைத் தண்ணீர்கூடப் பெருமாளைக் கும்பிட்டுத்தான் குடிப்பார். அவர் ஜீப் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், போகிற இடத்தில் பிள்ளைக்குக் கிடைக்காதே என்று அம்மா அவனுக்குக் கருவாடு வறுத்துக் கொடுத்திருக்கிறார்! வாசம் வந்ததற்கு அம்மா பக்கத்து வீட்டைக் கைகாட்ட, அப்பா அவர்களோடு ஒரு சண்டையே போட்டார். அம்மாவுக்கும் அவனுக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் அது. எந்தக் கேசட்டிலும் இருக்க முடியாது.

அம்மா சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அவருக்கே கேட்காத அந்தச் சிரிப்பு பஜார் வரை கேட்டிருக்கும். இரண்டு கையாலும் அண்ணனைத் திட்டினார், மெலிந்துவிட்டாய் என்றார், முடி வெட்டு என்றார். மூன்றரைக்கு அண்ணன் கும்பிட்டுக் கிளம்பும்வரை ஒரு நொடி கை ஓயவில்லை. அப்பா, "அடப்பாவிகளா, புரட்டாசி சனிக்கிழமை நம்மூட்லயா!" என்று கத்தினார், கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெளியே வந்ததும் பசிக்கிறது என்று அம்மா வயிற்றைத் தட்டிக் காட்டினார். ஹோட்டலில் உட்கார்ந்து நாலு புரோட்டா சாப்பிட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டேன்.

இப்போது அம்மா தன் போனிலேயே பேரப்பிள்ளைகளோடு கையால் அரட்டை அடிக்கிறார். நானும் இத்தனை வருடத்தில் எத்தனையோ மிஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். எது கெட்டுப்போனாலும், ஒன்றும் தெரியாதவர் என்று நாம் ஓரமாக உட்கார வைத்திருக்கும் ஆளிடம் இது இன்னது, இதற்காக என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, கோளாறைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.