லாரி டிரைவர் முனிராஜ் அண்ணனும் எங்கள் சலீமின் சத்தமும்

முனிராஜ் அண்ணன் இறந்துவிட்டாராம். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் காரிமங்கலத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. லைன் வீடு... இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

லாரி டிரைவர். ராத்திரியெல்லாம் பெங்களூர் டு சேலம் லோடு. பகலில்தான் தூக்கம்.

தூக்கம் என்று சொல்கிறேன்... சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் சலீம் இருந்தான்.

சலீம் என் தம்பி. அப்போது எட்டு வயது. நடக்க வராது, பேச வராது. சத்தம் மட்டும் வரும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்குச் சந்தை சந்தையாகப் போய் அலுமினியப் பாத்திரம் விற்கிற வேலை. வீட்டில் கிடக்கிற ஒரு மூடியைத் தரையில் தட்டிக்கொண்டே "ஊஊ..." என்று இழுப்பான் சலீம். பிடுங்கினால் தலையைச் சுவரில் முட்டுவான்.

ஒருநாள் முனிராஜ் அண்ணன் வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

"அக்கா, நேத்து தொப்பூர் எறக்கத்துல கண்ணு சொக்கிருச்சுங்க. கிளீனர் தட்டுனான், இல்லீன்னா பள்ளத்துல கெடந்திருப்பேன். மத்தியானத்துல மட்டுமாச்சும் பையன பின்னால உக்கார வெய்ங்களேன்."

"வெக்கறேன் தம்பி" என்றாள் அம்மா. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? நாளைக்கு லாரி கவுந்தா நம்ம புள்ளையாலன்னு சொல்றதுக்கு இப்பவே அடி போடறான்."

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. இதற்கு முன்னால் இரண்டு வீடுகளைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இரண்டு இடத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் இப்படித் தன்மையாகத்தான் பேசினார். அப்புறம்தான் ஹவுஸ் ஓனர் வந்தார்.

சலீமைப் பின்வாசல் படிக்கு மாற்றினோம். சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை...

சில நாளில் அண்ணன் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தார். லோடு இறக்கிவிட்டு வருவார், குளிப்பார், ஒரு பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எங்க போறான்? ஓனர் வூட்டுக்கா? போய்ப் பாத்துட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினாள். டென்த் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன் நான்.

போய்ப் பார்த்தேன். சந்தை மைதானம். ஆள் இல்லாத ஒரு தகரக் கொட்டகையில் ஈ மொய்க்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

வந்து சொன்னேன். அம்மா அசரவே இல்லை.

"இவங்க வூட்டுச் சத்தம் தாங்காம ஓடியாந்துட்டேன்னு ஊருக்குக் காட்டறான்டி. அதுக்குத்தான் நாலு பேர் பாக்கற எடத்துல படுக்கறான்."



சந்தை நாளில் மட்டும் அவருக்கு அங்கே இடமில்லை. வீட்டில்தான் படுக்க வேண்டும். அது அப்படி ஒரு சந்தை நாள். அத்தா கடை போடப் போயிருந்தார். நானும் அம்மாவும் முன்னறையில் பாத்திரங்களை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். சலீம் பின்வாசலில் இருந்தான்.

திடீரென்று சத்தம் நின்றது. "தூங்கிட்டான் போல" என்றாள் அம்மா. அவள் குரலிலேயே ஒரு ஆசுவாசம்.

கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். முனிராஜ் அண்ணன். சட்டைகூட இல்லை.

"அக்கா, பையன் எங்க? சத்தமே காணோம்?"

"சத்தம் போட்டாலும் வர்றீங்க, போடலீன்னாலும் வர்றீங்க. என்னதான் வேணும் தம்பி உங்களுக்கு?"

அவர் அம்மாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்.

பின்வாசலில் சலீம் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம். கண் மேலே செருகியிருந்தது.

அண்ணன் அவனைத் தூக்கித் தன் தொடைமேல் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தார். ஒன்று, இரண்டு... அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "எம்புள்ளய கொல்றான்!" என்று அவர்மேல் பாய்ந்து தோளைப் பிராண்டினாள். ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

வாயிலிருந்து ஒரு துண்டு கடலை உருண்டை வந்து விழுந்தது.

பிறகு "ஊஊ..." என்று ஒரு சத்தம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபடியே கேட்டாள். "உருண்டை யாரு குடுத்தா? எங்க வூட்ல ஏது உருண்டை?"

நாங்கள் யாருமே பார்க்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தாங்க்கா. பின்வாசல் குட்டைச் சொவத்து மேலால நீட்டுனேன். வாயில ஒண்ணு இருந்தா கொஞ்ச நேரம் சும்மா இருப்பான்னு... படுத்தேன், கண்ணும் அசந்துருச்சு. முழிச்சா ஒரு சத்தமும் இல்ல. அப்பிடியே எந்திரிச்சு ஓடியாந்தேங்க."

அம்மா தெருவையே கூட்டுவாள் என்று பயந்தேன். சலீமின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இனிமே குடுக்கறதா இருந்தா பொடிச்சுக் குடுங்க."

பொடித்துத்தான் கொடுத்தார். பேப்பரில் மடித்துக் கொண்டுவருவார். அம்மா முதலில் தன் வாயில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சலீமுக்கு ஊட்டுவாள்... கடைசிவரை அப்படித்தான்.

ஹவுஸ் ஓனர் வரவே இல்லை. சலீம் இருந்தவரை அந்த வீட்டில்தான் இருந்தோம்.

அவன் போன அன்று அண்ணன் லோடுக்குப் போகவில்லை. எங்கள் வாசலில் குந்தி, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து கேட்டாள். "இந்தாளு எதுக்குடி இப்படி அழுவறாரு?"

முனிராஜ் அண்ணா... அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். முதலில் முறைப்பாள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போய் வாங்க.