ஜன்னல் நூலும் எங்கள் நைனாவும்

நைனா என்று நாங்கள் அழைத்த அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் அச்சிடலாம், அக்காதான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அலுப்புதான். கூட இருந்து பார்த்தவளே எழுதட்டும் என்பது நியாயம். ஆனால் கூட இருந்து பார்த்தவளுக்குத்தான் உட்கார்ந்து எழுதத் தெம்பு இருப்பதில்லை. ஆகவே இதில் அலங்காரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று உறவினர்களையும் நண்பர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நைனா பிறந்தது செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில். நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிட்ட குடும்பம். அவர் மீசை அரும்பும் வயதிலேயே தாத்தா காலமாகிவிட்டார். மூத்த பிள்ளை என்பதால் இரண்டு தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செஞ்சி வரை சைக்கிளில் வந்து, சைக்கிளைத் தெரிந்தவர் கடையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அந்தச் சைக்கிளை எடுக்க அவர் திரும்பி வந்தபோது உடம்பில் சீருடை இருந்தது. அத்தைகள் இருவரின் திருமணமும் அவர் சம்பளத்தில்தான் நடந்தது. இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை என்பதால் நான் இங்கே சொல்கிறேன்.

ராணுவத்தில் நைனாவின் கண்ணையும் பொறுமையையும் பார்த்து, படைப்பிரிவின் துப்பாக்கி சுடும் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, வீட்டில் துப்பாக்கி இருக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர் கொண்டுவந்தது விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் மட்டும்தான். கொத்தனார் கையில் பார்த்திருப்பீர்கள், கண்ணாடிக் குழாயில் நீரும் அதற்குள் ஒரு குமிழியும் இருக்கும். குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வடக்கே ஒரு மலைச்சரிவில் நடந்த பெரிய போட்டியில் நைனா கலந்துகொண்டார். அதில் தேறினால் அதற்கும் மேலான அணிக்குப் போகலாம். கிட்ட இருந்த இலக்கில் எல்லாக் குண்டுகளும் நடுவில் பாய்ந்தன. தூரத்து இலக்குக்கு மாறியதும் எல்லாம் இடப்பக்கமாகவும் சற்றுக் கீழேயும் போய் விழுந்தன. காற்று என்று நினைத்து அதற்கேற்றபடி திருத்தினார். இன்னும் தூரம் கூட்டியபோது அந்தத் திருத்தமும் போதவில்லை. போட்டி முடிந்த பிறகு, உடனிருந்த மலையாளி ஒருவர் இலக்குப் பலகையில் ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு, துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகப் பார்க்கச் சொன்னாராம். நேராகப் பிடித்திருக்கிறேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த நைனாவின் கண்ணுக்கு, தொலைநோக்கிக்குள் இருக்கும் குத்துக்கோடு நூலோடு சேராமல் சாய்ந்து தெரிந்தது. எதிரே இருந்த மலை இடப்பக்கம் சரிந்திருந்தது. கண் அந்தச் சரிவையே மட்டம் என்று எடுத்துக்கொண்டு, துப்பாக்கியையும் அதோடு சாய்த்துவிட்டது.

சாய்ந்தால் என்ன, குறி நடுவில்தானே இருக்கிறது என்று நானே ஒருமுறை கேட்டேன். தோட்டத்து ரப்பர் பைப்பை எடுத்து வந்து காட்டினார். தூரத்துச் செடிக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்றால் பைப்பின் நுனியை மேலே தூக்கிப் பிடிக்கிறோம். குண்டும் அப்படித்தான் மேலே எழும்பித்தான் தூரம் போகிறது. தூக்கிய அந்த நுனி இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் இடப்பக்கம் போகும், எட்ட வேண்டிய தூரமும் எட்டாது. பக்கத்துச் செடியில் இந்தச் சாய்வு தெரியாது, தூரம் போகப் போகத்தான் தெரியும். இதைச் சொல்லிவிட்டு, பைப்பைச் சுருட்டிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தோத்தது கூட பரவால்ல பாப்பா. சாஞ்சிருந்தது எனக்கே தெர்ல பாரு, அதான் இன்னும் ஆறல.”

அந்தப் போட்டிக்குப் பிறகு மேலான அணிக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. ஊர் திரும்பியவர் ஓர் அரிசி ஆலையில் காவல் வேலை பார்த்துக்கொண்டு எங்களைப் படிக்க வைத்தார். தன் கண்ணை மட்டும் அவர் நம்பவே இல்லை. காலண்டர், டிவி, ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் தலையிலும் ரசமட்டம் ஏறி இறங்கும். புது வீடு கட்டுகிறவர்கள் அவர் தெருவில் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். அம்மாவுக்குப் பொறுக்காது. பேசாமல் அந்த ரசமட்டத்துக்கே தாலி கட்டியிருக்கலாம் என்பார். நைனா சிரித்துக்கொண்டே அம்மா சாய்த்து வைத்த குடத்தை நிமிர்த்தி வைப்பார். கோபித்து நான் பார்த்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடக் கையும் இடக் காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ராஜகிரிக் கோட்டை மலை தெரியும் ஜன்னலுக்கு எதிரே கட்டிலைப் போட்டோம். தம்பிக்கு பெங்களூரில் வேலை, அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் நடத்திய ஜெராக்ஸ் கடையை அரை நாள் கடையாக்கிக்கொண்டேன்.

படுத்திருக்கும் வரை சிரமமில்லை. உட்கார வைத்தால்தான் பிரச்சினை. எத்தனை முறை நிமிர்த்தினாலும் நைனா இடப்பக்கமே சாய்வார். நல்ல கையான வலக் கையைக் கட்டிலில் ஊன்றி, தன்னைத்தானே இடப்பக்கம் தள்ளிக்கொள்வார். நிமிர்த்தினால் பயந்து என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபித் தம்பிதான் விளக்கினார். இந்த நோயில் சிலருக்கு மூளை சொல்லும் மட்டம் தவறிப்போகுமாம். சாய்ந்திருந்தால் நேராக இருப்பதாகவும், நேராக இருந்தால் விழுவதாகவும் தோன்றுமாம்.

சாய்ந்தபடி சாப்பிட்டதில் சோறு புரையேறி இரண்டு முறை மூச்சு நின்றுவிடும் போலாகிவிட்டது. நிமிர்ந்து உட்கார முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும், அடுத்த வாரம் அழைத்து வாருங்கள் என்றார் மருத்துவர். நைனா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில், என் கையில தின்னுட்டு செத்துப் போறேன் பாப்பா, குழாய் வாணாம் என்றார். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

நிமிர்ந்து உட்காருங்கள் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தோம். எங்கள் பேச்சை அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அவர் உடம்பே அவருக்கு வேறு மாதிரி சொல்லும்போது. ஒரு மத்தியானம் அவரைத் தாங்கித் தாங்கி என் தோள் மரத்துப்போனபோது எதிரே ஜன்னலில் மலைச்சரிவு தெரிந்தது. அந்தப் போட்டி நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அம்மிக்குழவி ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை நூலில் கட்டி, ஜன்னல் கம்பியில் மலைக்கு நேராகத் தொங்கவிட்டேன்.

“நைனா, ஒடம்பு சொல்றத நம்பாத. மலையையும் பாக்காத. நூலப் பாரு.”

நெடுநேரம் பார்த்தார். கல் ஆடி அடங்கியது.

“இன்னா, நான் சாஞ்சா இருக்கறேன்?”

“ஆமா நைனா.”

ஊன்றியிருந்த வலக் கையைக் கட்டிலிலிருந்து மெல்ல எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது. வுழுறாப்புல இருக்குது பாப்பா, வுழுறாப்புல இருக்குது என்று சொல்லிக்கொண்டே, கண்ணை நூலிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்தார். விழுவதாக உறுதியாகத் தோன்றும் பக்கமாகவே ஒரு மனிதர் தன்னைக் கொண்டு போனதை அன்று பார்த்தேன். போரில் அவர் காட்டிய தைரியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இது போதும் எனக்கு. அம்மா தட்டில் வைத்த இட்லியைத் தன் கையால் பிட்டுத் தின்றார். அம்மா சமையலறைக்குள் போய் அழுதார்.

குழாய் போடவில்லை. ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வேளை கற்றது அடுத்த வேளைக்குத் தங்கவில்லை. ஒவ்வொரு வேளையும் சாய்வார். நான் இடப்பக்கம் உட்கார்ந்து தோள் கொடுப்பேன். நூலைப் பார்ப்பார், பயப்படுவார், விழுவது போல இருக்கிறது என்பார், நிமிர்வார், சாப்பிடுவார். சில நாள் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் நூலைப் பார்ப்பார். இப்படியே இரண்டு ஆண்டுகள். கடைசியில் மார்ச்சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஐந்தாறு நாள் படுக்கையிலேயே இருந்தார். ஒரு பிற்பகல் உட்கார வைக்கச் சொன்னார். வைத்தேன். நூலைப் பார்த்தார், ஆனால் நிமிரவில்லை. என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார். அன்று நான் அவரை நிமிர்த்த முயலவில்லை.

நைனாவைத் தன் தகப்பனாராக நினைத்துப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபித் தம்பிக்கும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்து நின்ற எதிர்வீட்டு அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கல் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, பெரியவருக்குக் கல்லா என்று கடிந்துகொண்டு, தன் கடையிலிருந்து, கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடும் அசல் தூக்குக்குண்டே அனுப்பி வைத்தார் கடைவீதி இரும்புக்கடை பாய். இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த சிங்கவரத்து உறவினர்கள், தொண்டூர் அத்தை வீட்டார், அவலூர்பேட்டையிலிருந்து வந்த அம்மா வழிச் சொந்தங்கள், இன்று நினைவு நாளுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் அந்தத் தூக்குக்குண்டு தலையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளவும். நூலை இன்னும் கழற்றவில்லை.

போன வாரம், நினைவு நாளுக்காக பெங்களூரிலிருந்து வந்து வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என் தம்பி அதைக் கழற்றிவிடலாமா என்று கேட்டான். நான் கட்டிலில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்வதற்குள், ஏன் அக்கா சாஞ்சி குந்தினு இருக்கிற என்றான். நேராகத்தான் இருக்கிறேன் என்றேன். அவன் ஜன்னல் நூலைக் காட்டினான். பார்த்தேன். வலப்பக்கம், நைனாவின் தோள் இருக்கும் பக்கம், நன்றாகவே சாய்ந்திருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை.

நூலைப் பார்த்து மெல்ல நிமிர்ந்தேன். நைனா சொன்னது நிஜம்தான். விழுகிற மாதிரிதான் இருக்கிறது.